யானைக்குழியும் பெண்மயிலின் கேள்வியும்

கருங்கோடன் என்ற காட்டெருமை சுனைக்காட்டை ஆண்டுவந்த காலத்தில் ஒரு வருடம் மழை பொய்த்தது. ஓடைகள் வற்றின. பாறைகளுக்கு நடுவே இருந்த சுனையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் தங்கியிருந்தது.

"எல்லோரும் முறைவைத்துத்தான் குடிக்க வேண்டும். சுனைக்கரை மண்ணை யாரும் தொடக்கூடாது" என்று கருங்கோடன் கட்டளையிட்டது. அது கெட்ட அரசன் இல்லை. தன் மந்தையையே வரிசையின் கடைசியில் நிறுத்தியது.

முள்ளன் என்ற முள்ளம்பன்றிக்கு அப்போது இரண்டு குட்டிகள். காட்டில் கிழங்கு கிடைக்கவில்லை. அதன் மனைவி கூரிக்குப் பால் வற்றிப்போனது. ஒரு நாள் விடியற்காலையில் முள்ளன் சுனைக்கரைக்குப் போனது. ஈரம் தெரிந்த இடத்தில் ஒரு கிழங்கைத் தோண்டி எடுத்தது. கரை உடைந்தது. இருந்த தண்ணீரில் பாதி, பாறை இடுக்கில் ஓடி மறைந்துவிட்டது.

விலங்குகள் கூடின. எல்லோருக்கும் தாகம். எல்லோருக்கும் கோபம்.

காட்டின் தெற்கில் ஒரு பழைய யானைக்குழி இருந்தது. எப்போதோ மனிதர்கள் யானை பிடிப்பதற்காக வெட்டி, பிறகு விட்டுவிட்டுப் போன குழி. நான்கு பக்கமும் செங்குத்தான களிமண் சுவர், காய்ந்து கல்லாக இறுகியிருந்தது.

"மழை வரும்வரை இவன் அதற்குள் இருக்கட்டும்" என்றது கருங்கோடன்.

இரண்டு எருமைகள் முள்ளனைக் குழிவரை ஓட்டிப்போய் உள்ளே தள்ளின. காவலுக்கு ஒரு கழுதைப்புலி வைக்கப்பட்டது. உள்ளே யாராவது சுவரைத் தோண்டினால் மேலிருந்து கல்லை உருட்டிவிடுவது அதன் வேலை.

அந்தக் கோடையிலேயே முள்ளனுக்குத் துணை சேர்ந்தது. முறை தவறித் தண்ணீர் குடித்த ஒரு முயல் குழிக்குள் போனது. "பசித்தவனைக் குழியில் தள்ளுவது என்ன நியாயம்?" என்று கூட்டத்தில் கேட்ட ஆமையும் போனது. கடைசியாகச் செம்பன் என்ற கீரி போனது.

செம்பன் செய்தது சின்னத் தவறு இல்லை. ஒரு பெண்மயில் இரை தேடப் போயிருந்த நேரம் பார்த்து அதன் மூன்று குஞ்சுகளையும் செம்பன் பிடித்துவிட்டது. திரும்பி வந்த மயில் அலறிய அலறலைக் கேட்டு, கீரியின் சொந்தக்காரர்களே தலைகுனிந்தார்கள்.

பிறகு மழை வந்தது. சுனை நிரம்பியது. கூரி தன் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு அரசனிடம் போனது.

"மழை வந்துவிட்டது, அரசே. என் வீட்டுக்காரரை விட்டுவிடுங்கள்."

"வந்துவிட்டதுதான். ஆனால் இப்போது அவனை விட்டால் மற்றவர்களுக்குப் பயம் போய்விடுமே. அடுத்த மழை வரட்டும், பார்க்கலாம்" என்றது கருங்கோடன்.

அடுத்த மழையும் வந்தது. யாரும் எதையும் பார்க்கவில்லை. காட்டில் எல்லோரும் குழியின் பக்கமாகப் போவதையே விட்டுவிட்டார்கள். "குழி இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கலாம்" என்று பேசிக்கொண்டார்கள். கோடை வந்தால் திருட்டும் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அதை யாரும் குழியோடு சேர்த்து யோசிக்கவில்லை.

கூரி மட்டும் தினமும் காலையில் குழியின் ஓரத்துக்குப் போகும். வாயில் கவ்வி வந்த கிழங்கில் பாதியைக் கழுதைப்புலி வாங்கிக்கொள்ளும். மீதியைக் கூரி உள்ளே போடும்.

"குட்டிகள் எப்படி இருக்கின்றன?" என்று கீழேயிருந்து முள்ளன் கேட்கும்.

"முள் கெட்டிப்பட்டுவிட்டது" என்று கூரி சொல்லும். வேறு என்ன சொல்வது என்று இரண்டுக்கும் தெரியாது.

கொஞ்ச நாளில் துள்ளி என்ற பெண்முயலும் அங்கே வர ஆரம்பித்தது. குழிக்குள் இருந்தது அதன் அண்ணன். ஆமையின் மனைவியும் மெல்ல நடந்து வந்து சேர்ந்தது. மூன்றும் குழியின் ஓரத்தில் ஒன்றாக உட்கார்ந்தன. தனித்தனியாகக் கேட்டால் அரசன் காது கொடுக்கமாட்டான், சேர்ந்து கேட்போம் என்று முடிவு செய்தன.

அவர்களுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு காரைச்செடியின் நிழலில், ஒரு கிழட்டுக் கீரியும் தினமும் வந்து உட்காரும். அது செம்பனின் தாய். ஒரு நாள் அது எழுந்து இவர்கள் பக்கம் வந்தது.

"நானும் உங்களோடு வரட்டுமா?" என்று கேட்டது.

துள்ளி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "நீ வந்தால் எங்கள் வழக்கும் கெட்டுவிடும் அம்மா. என் அண்ணன் தண்ணீர்தான் குடித்தான். உன் மகன் குஞ்சுகளைத் தின்றவன்."

"என் மகன் நல்லவன் என்று நான் சொல்லவில்லை" என்றது தாய்க்கீரி. "அவன் என் மகன். அதைத்தான் சொல்கிறேன்."

கூரி குழியின் பக்கம் திரும்பிக்கொண்டது. தாய்க்கீரி மறுபடியும் காரைச்செடியின் நிழலுக்கே போய்விட்டது.

அடுத்த கூட்டத்தில் கூரியும் துள்ளியும் ஆமையின் மனைவியும் அரசன் முன்னால் நின்றன. "எங்கள் ஆட்கள் செய்தது சின்னத் தவறு, அரசே. பசியாலும் தாகத்தாலும் செய்தது. அவர்களை விடுங்கள்."

கருங்கோடன் பெருமூச்சு விட்டது. "அந்தப் பெண்மயிலை நினைத்துப் பாருங்கள். குழியை ஒரு முறை திறந்துவிட்டால், நாளைக்கு அந்தக் கீரிக்கும் கேட்பீர்கள். பிறகு அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

கூட்டம் முழுவதும் தலையாட்டியது. பெண்மயில் அந்தக் கூட்டத்தில் இல்லை. அது எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை. ஓடைக்கு அப்பால் ஒரு மருதமரத்தில் தனியாக இருந்தது. சாயங்காலமானால் அதன் குரல் மட்டும் கேட்கும். யாரையோ கூப்பிடுவது போல இருக்கும். காட்டில் எல்லோருக்கும் அந்தக் குரல் பழகிப்போயிருந்தது.

மூன்றாம் வருடம் பெருமழை பெய்தது. குழிக்குள் தண்ணீர் ஏறியது. நான்கு நாள் கழித்து மழை விட்டபோது, துள்ளியின் அண்ணன் உயிரோடு இல்லை.

"குளிர்தான் காரணம்" என்று முள்ளன் கீழேயிருந்து சொன்னது. "செம்பன் சுவரைச் சுரண்டி உன் அண்ணன் உட்கார ஒரு திட்டு வெட்டிக் கொடுத்தான், துள்ளி. மேலேயிருந்து கல் விழுந்தது. ஒரு கல் செம்பன் காலில் பட்டது. அப்படியும் விடாமல் வெட்டினான். உன் அண்ணன் மூன்று நாள் அதில் உட்கார்ந்திருந்தான். நாலாவது நாள் பேசவில்லை."

துள்ளி அழவில்லை. நேராக நடந்துபோய், காரைச்செடியின் அடியில் தாய்க்கீரியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

முயல் செத்த செய்தி காட்டில் பரவியது. சில விலங்குகள் முணுமுணுத்தன. அது கருங்கோடன் காதுக்கும் போனது. மறுநாள் அது கூரியைத் தனியாக அழைத்தது.

"உன் வீட்டுக்காரனை விட்டுவிடுகிறேன். ஆமையையும் விட்டுவிடுகிறேன். கீரி மட்டும் உள்ளேயே இருக்கட்டும். குழியும் இருக்கட்டும். நீங்கள் யாரும் இனி குழியின் ஓரத்துக்கு வரக்கூடாது. சம்மதமா?"

மூன்று வருடமாக அது கேட்டது இதைத்தான். "நாளைக்குச் சொல்கிறேன், அரசே" என்று சொல்லிவிட்டு நேராகக் குழிக்குப் போனது. எல்லாவற்றையும் முள்ளனிடம் சொன்னது.

முள்ளன் சுவரோரமாக வந்து நின்றது.

"சரி என்று சொல்லத்தான் ஆசையாக இருக்கிறது, கூரி" என்றது முள்ளன். "ஆனால் இன்று காலையில் எனக்கு நீ போட்ட கிழங்கைச் செம்பனுக்கும் கொடுத்தேன். அவன் கால் வீங்கியிருக்கிறது. அவனை இங்கே விட்டுவிட்டு நான் மேலே வந்தால், அங்கே என்ன தின்றாலும் எனக்கு இறங்குமா என்று தெரியவில்லை. நீ என்ன சொல்கிறாயோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன்."

அன்று முழுவதும் கூரி ஒன்றும் தின்னவில்லை. குட்டிகள் முன்னால் ஓடி விளையாடின. அவை வளர்ந்துவிட்டன. இன்னும் ஒரு கோடை வரும். அவற்றுக்கும் பசிக்கும். குழி அப்படியேதான் இருக்கும்.

மறுநாள் காலையில் கூரி அரசனிடம் போய், "எனக்குச் சம்மதமில்லை, அரசே" என்றது. கருங்கோடன் ஏன் என்று கேட்பதற்குள் திரும்பி நடந்தது. குழியின் பக்கம் போகவில்லை. ஓடையைத் தாண்டி மருதமரத்தடிக்குப் போனது. மூன்று வருடத்தில் யாரும் செய்யாத வேலை அது.

பெண்மயில் தாழ்ந்த கிளையில் உட்கார்ந்திருந்தது. கூரியைப் பார்த்ததும், "அந்தக் கீரியை விடச் சொல்லிக் கேட்கத்தானே வந்தாய்?" என்றது.

"ஆமாம்" என்றது கூரி. "ஆனால் அதைக் கேட்கும் முன்பு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வந்திருக்கிறேன். என் மேல் கோபப்படு, தப்பில்லை."

மயில் கிளையிலிருந்து இறங்கி வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னது.

"இரண்டு குஞ்சுகளின் சிறகுகளைத்தான் நான் பார்த்தேன். மூன்றாவது என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஓடி ஒளிந்திருக்குமோ, வழி தவறியிருக்குமோ என்று தினமும் சாயங்காலம் கூப்பிட்டுப் பார்க்கிறேன். அது பிழைத்திருந்தால் இந்நேரம் என்னளவு வளர்ந்திருக்கும். என் குரலைக்கூட மறந்திருக்கும். ஆனாலும் கூப்பிடுகிறேன். அந்தக் கீரிக்குத் தெரியும். அவனிடம் கேட்க வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். சொந்தக்காரர் தவிர யாரும் குழிக்குள் இருப்பவனிடம் பேசக்கூடாது என்று அரசன் சொல்லிவிட்டான்."

"வா, கேட்கலாம்" என்றது கூரி.

இரண்டும் குழியின் ஓரத்துக்கு வந்தன. கழுதைப்புலி எழுந்து வழியை மறித்தது. "சொந்தக்காரர்கள் மட்டும்தான் வரலாம். மயிலுக்கு அனுமதி இல்லை."

"அவன் இவளுக்குச் சொந்தமில்லாமல் போவானா?" என்று கேட்டது தாய்க்கீரி. "அவள் பிள்ளைகளைத் தின்றவன். அவளைவிட அவனிடம் கேட்க யாருக்கு உரிமை இருக்கிறது?"

கழுதைப்புலி மயிலைப் பார்த்தது. மயில் பின்வாங்கவில்லை. கழுதைப்புலி விலகி நின்றது.

மயில் குழிக்குள் எட்டிப் பார்த்தது. சேற்றுக்குள் மெலிந்த ஒரு கீரி, ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டிருந்தது.

"என் மூன்றாவது குஞ்சு எங்கே?"

செம்பன் தலையைக் குனிந்துகொண்டது.

"சொல். நான் கேட்பதற்காகத்தான் வந்திருக்கிறேன்."

"செத்துவிட்டது" என்றது செம்பன். "முதலில் பிடித்தது அதைத்தான். உன் கூட்டுக்கு மேற்கே ஒரு சூரைப்புதர் இருக்கிறதே, அதன் அடியில் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் பிடிக்க ஓடினேன். அவற்றைத் தின்றதும் பசி அடங்கிவிட்டது. அதைத் தொடவே இல்லை. வீணாகக் கொன்றேன். அதுதான் என்னால் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது."

மயில் கண்ணை மூடிக்கொண்டது. தாய்க்கீரி தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதது.

கடைசியில் மயில் சொன்னது: "உன்னை மன்னிக்கவில்லை. மன்னிப்பேனா என்று தெரியாது. ஆனால் இனி நான் கூப்பிட வேண்டியதில்லை."

அன்று சாயங்காலம் காட்டில் அந்தக் குரல் கேட்கவில்லை. பழகிய குரல் கேட்காததால் விலங்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. என்ன நடந்தது என்று விசாரித்தன. விசாரித்தவை பலவும் முதல் முறையாகக் குழியின் ஓரத்துக்கு வந்து உள்ளே எட்டிப் பார்த்தன. பார்த்தவை வழியெல்லாம் குழியைப் பற்றியே பேசிக்கொண்டு திரும்பின.

மறுநாள் காலையில் கூரி குழியின் ஓரத்தில் சரிவு வெட்ட ஆரம்பித்தது. மேலிருந்து உள்ளே இறங்க, நடக்க ஏற்ற ஒரு பாதை. துள்ளி மண்ணைத் தள்ளியது. தாய்க்கீரி சுரண்டியது. ஓர் எறும்புதின்னியும் வந்தது. குழிக்குள் அதற்கு யாருமே இல்லை.

"நீ ஏன் வந்தாய்?" என்று துள்ளி கேட்டது.

"எனக்குத் தோண்டத் தெரியும்" என்றது எறும்புதின்னி. நகத்தை மண்ணில் இறக்கியது.

கழுதைப்புலி கல்லின் பக்கத்தில் நின்றது. ஆனால் உருட்டவில்லை. அரசனுக்கு ஆள் அனுப்பியது.

கருங்கோடன் தன் மந்தையோடு வந்தது. தரை அதிர்ந்தது. சரிவில் பாதிதான் வெட்டியிருந்தார்கள். மந்தை ஒரு முறை மிதித்தால் எல்லாம் சரிந்துவிடும்.

"நிறுத்துங்கள்" என்றது கருங்கோடன். "இந்தக் குழியை எனக்காகவா வைத்திருக்கிறேன்? பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்க்காக வைத்திருக்கிறேன். அவளிடம் போய்ச் சொல்லுங்கள் பார்க்கலாம், அந்தக் கீரியை விடப்போகிறோம் என்று."

"சொல்ல வேண்டாம், அரசே. நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து பெண்மயில் முன்னால் வந்தது. அதன் அலகில் மண் ஒட்டியிருந்தது. அதுவும் தோண்டிக்கொண்டிருந்தது.

"என் பெயரைச் சொல்லித்தான் மூன்று வருடம் இந்தக் குழியை மூடாமல் வைத்திருந்தீர்கள். ஒரு நாளாவது என் மரத்தடிக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்டீர்களா? அவன் உள்ளே இருந்ததால் என் குஞ்சு ஒன்றும் திரும்பி வரவில்லை. கிடைக்க வேண்டிய பதிலும் கிடைக்காமல் போயிற்று. முயல் ஒருத்தனும் செத்தான். என் பெயரால்தானே அதுவும் நடந்தது? இனி என் பெயரால் யாரையும் உள்ளே வைக்காதீர்கள்."

"அவன் வெளியே வந்தால் உனக்குப் பயமாக இருக்காதா?"

"இருக்கும்" என்றது மயில். "அதனால்தான் சொல்கிறேன். ஓடையைத் தாண்டி என் மரத்தின் பக்கம் அவன் வரக்கூடாது. அவன் தாயும் இந்த எறும்புதின்னியும் அதற்குப் பொறுப்பு. இந்தப் பக்கத்தில் கவுதாரிகள் தரையில் முட்டையிட்டு அடைகாக்கின்றன. பாம்பு வந்து அந்த முட்டைகளைத் தின்றுவிடுகிறது. அடைகாக்கும் காலத்தில் அவன் பாம்புக்குக் காவல் இருக்கட்டும். கவுதாரிகள் ஒப்புக்கொண்டால்."

கருங்கோடன் கூரியைப் பார்த்துக் கேட்டது.

"சரி. நாளைக்கு இன்னொருவன் தவறு செய்தால் என்ன செய்வது?"

"தெரியாது, அரசே" என்றது கூரி. "எல்லோரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். குழி இருந்தவரை நாம் யாரும் யோசிக்கவே இல்லை."

கருங்கோடன் குழிக்குள் எட்டிப் பார்த்தது. அதுவும் இதற்கு முன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை. வெகுநேரம் பார்த்தது. பிறகு தன் மந்தையை விலகி நிற்கச் சொன்னது. தானே முன்னால் வந்து, இறுகிய களிமண்ணில் கொம்பை ஊன்றிப் புரட்டியது.

மதியத்துக்குள் சரிவு முடிந்தது. ஆமை முதலில் வந்தது. செம்பன் நொண்டிக்கொண்டே வந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் தாயின் பின்னால் ஒதுங்கியது. கடைசியாக முள்ளன் வந்தது. அதன் முட்கள் பாதி உதிர்ந்திருந்தன. வெளியே வந்தும் அது நேராக நடக்கவில்லை. மூன்று வருடம் குழிக்குள் சுற்றிச் சுற்றி நடந்த கால்கள். பத்தடி போனதும் தானாகவே திரும்பி வளைந்து நடந்தன. கூரி அதன் பக்கத்தில் ஒட்டி நின்று, தோளால் தள்ளித் தள்ளி நேராக நடத்திக் கூட்டிப்போனது. குட்டிகள் தூரத்திலேயே நின்றன. அப்பா யார் என்று அவற்றுக்கு முதலில் தெரியவில்லை. துள்ளி கடைசிவரை சரிவின் மேல்முனையிலேயே நின்றுகொண்டிருந்தது. அதோடு வீட்டுக்குப் போக யாரும் மேலே வரவில்லை.

அந்த வருடம் கோடைக்கு முன்னால் எல்லா விலங்குகளும் சேர்ந்து சுனையை ஆழப்படுத்தின. தோண்டிய மண்ணைச் சுமந்துபோய் யானைக்குழியில் கொட்டி நிரப்பின. கவுதாரிகள் இரண்டு நாள் வாதாடிவிட்டுச் செம்பனைக் காவலுக்கு ஒப்புக்கொண்டன. முதல் வருடம் ஒரு கவுதாரி எப்போதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பெண்மயில் அதன் பிறகு செம்பனிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அடுத்த கோடையில் ஒரு நரி காட்டுக்கோழியின் கூட்டைக் கலைத்தது. விலங்குகள் மூன்று நாள் கூடிப் பேசின. சண்டையும் போட்டன. "குழியில் தள்ளியிருந்தால் ஒரு நாழிகையில் முடிந்திருக்கும்" என்று ஓர் எருமை அலுத்துக்கொண்டது. மற்றவை காட்டுக்கோழியை நடுவில் உட்காரவைத்து, முதலில் அது பேசட்டும் என்று காத்திருந்தன.

தவறு செய்தவரைக் கண்ணுக்குத் தெரியாமல் அடைத்துவைத்தால் தவறும் தீராது, துயரமும் ஆறாது. காயப்பட்டவரின் சொல்லைக் கேட்டு, காயப்படுத்தியவரைப் பொறுப்பேற்கச் செய்வதே நீதியாகும்.